400 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்துவிட்ட சிபியு: கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸின் மையமான கெர்னலில், சிபியுவின் வேகத்தை ஆளும் சிபியுஃபிரீக் பகுதியைப் பராமரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். 400 மெகாஹெர்ட்ஸில் உறைந்துபோகும் இன்டெல் லேப்டாப்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓயாமல் வந்து விழும் பிழை அறிக்கைகளைப் படிப்பவர்களே நீங்கள்தான். கேட்பது ஒன்றே ஒன்று: வேகத்தைக் குறைத்தது யார் என்று கெர்னல் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

இப்போது நடப்பது இது. உச்ச வேக வரம்பைக் காட்டும் ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃபிரீக் கோப்பில் 4200000 என்று இருக்கிறது, அதாவது 4.2 கிகாஹெர்ட்ஸ். வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரோ, உச்ச வேகத்தை நாடும் பெர்ஃபார்மன்ஸ். சூடு 45 டிகிரிதான். ஆனால் முழு லோடு கொடுத்து நிஜ வேகத்தை அளக்கும் டர்போஸ்டாட்டை ஓட்டிப் பார்த்தால், எல்லா கோர்களுக்கும் நேரே 400. சூட்டால் வேகம் குறைந்த தடவைகளைச் சொல்லும் தெர்மல்_த்ராட்டில் டைரக்டரியில் இருக்கும் எண்ணிக்கை பூஜ்ஜியம். லாகில் ஒரு வரிகூட இல்லை. பயனர் என்ன செய்வார்? கவர்னரை மாற்றுவார், பயாஸை ரீசெட் செய்வார், ஹீட்சிங்க்கைக் கழற்றிப் புது பேஸ்ட் தடவுவார், கடைசியில் ஓஎஸ்ஸையே மறுபடி நிறுவுவார். வேகம் 400-லேயே நிற்கும்.

கோளாறு பெரும்பாலும் சிபியுவுக்கு வெளியே இருக்கிறது. சார்ஜரை மதர்போர்டால் அடையாளம் காண முடியவில்லை, ஏதோ ஒரு சென்சார் பழுது. இப்படி ஒன்று போதும், 'வேகத்தைக் குறை' என்று சிபியுவுக்குச் சொல்லும் பிராக்ஹாட் சிக்னலை போர்டு பிடித்து இழுத்துவிடும். அது வந்துவிட்டால் சிபியு தன் சூட்டைப் பார்க்காது, அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கெர்னல் எண்ணுவதோ சிபியுவின் சொந்தச் சூட்டால் வரும் நிகழ்வுகளை. எண்ணிக்கை அசையாததற்குக் காரணம் அதுதான். சிபியுவின் சூட்டு நிலையைக் காட்டும் ஐஏ32_தெர்ம்_ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில், சொந்தச் சூட்டுக்கான பிட்டிலிருந்து இரண்டு பிட் தள்ளி, வெளியிலிருந்து வரும் பிராக்ஹாட்டுக்கென்றே தனி பிட் இருக்கிறது. அதை எடுத்துப் பயனருக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

விவரம் தெரிந்தவர்கள் 1எஃப்சி என்ற எம்எஸ்ஆரை, அதாவது சிபியுவின் உள் அமைப்பு ரிஜிஸ்டரைப் படித்து, வெளி பிராக்ஹாட்டுக்குச் செவிசாய்க்கச் சொல்லும் அதன் பூஜ்ஜியமாவது பிட்டை அணைத்துத் திரும்ப எழுதுகிறார்கள். சஸ்பெண்டிலிருந்து எழுந்ததும் பல லேப்டாப்களில் அந்த பிட் மறுபடி உயிர்பெற்றுவிடும். செக்யூர் பூட்டோடு, கெர்னலில் கைவைக்க விடாத லாக்டவுனும் இருந்தால் எழுதவே விடாது. விட்டாலும், 5.9 பதிப்பிலிருந்து கெர்னலுக்கு 'விதிமீறிக் கைவைக்கப்பட்டது' என்ற கறை முத்திரை (டெயின்ட்) விழும். இத்தனைக்கும் பிராக்ஹாட் என்பது மின்சுற்று நிஜமாகவே கொதிக்கும்போது காப்பாற்ற வேண்டிய சிக்னல். காரணம் தெரியாததால்தான் கண்ணை மூடிக்கொண்டு அதை அணைக்கிறார்கள்.

முடியாத காரியமா இது? உங்கள் பகுதியிலேயே, ஐபிஎம் பவர் சிப்களுக்கான பவர்என்வி டிரைவரில் 2016-லேயே த்ராட்டில்_ஸ்டாட்ஸ் வந்துவிட்டது. மின் உச்சவரம்பா, சூடா, சப்ளைக் கோளாறா, மின்னோட்டம் மிஞ்சியதா என்று தனித்தனிக் கோப்பு. இன்டெலின் ஐ915 கிராஃபிக்ஸ் டிரைவரில் த்ராட்டில்_ரீசன்_பிராக்ஹாட் என்ற பெயரிலேயே ஒன்று உண்டு. ஒரே சிப்பில் பக்கத்து வீட்டு ஜிபியு காரணம் சொல்கிறது. சிபியு மட்டும் மௌன விரதம்!

பெயர் சூட்டும் அழகையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏசிபிஐ-சிபியுஃபிரீக் டிரைவரில் பவர்சேவ் கவர்னர் என்றால் அடிமட்ட வேகத்திலேயே கட்டிப்போடும். இன்டெல்_பிஸ்டேட் டிரைவரின் ஆக்டிவ் முறையில் அதே பவர்சேவ் லோடுக்கேற்ப உச்சம்வரை ஏறும். 'டாக்குமென்டில் எழுதியிருக்கிறதே' என்பீர்கள். எழுதியிருக்கிறது, உண்மைதான். 400 மெகாஹெர்ட்ஸில் அந்தப் பக்கம் திறக்கும்வரை காத்திருப்பவர் கட்டாயம் படிப்பார்.

அந்த வழக்கு இன்னொரு நாளைக்கு. இப்போது வேண்டுவது, ஒவ்வொரு கோருக்கும் ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாமலே படிக்கக்கூடிய ஒரு கோப்பு: சொந்தச் சூடு, மின் வரம்பு, வெளி பிராக்ஹாட், ஃபர்ம்வேர் வரம்பு, இவற்றில் எது பிடித்திருக்கிறது என்று அது சொல்லட்டும். வெளி பிராக்ஹாட் விடாமல் நின்றால் லாகில் ஒரே ஒரு வரி. சூட்டு எச்சரிக்கைகள் லாகை நிரப்பியதால் முன்பு அவற்றை அடக்கினீர்கள், அது நியாயம்தான்; கணினி ஒருமுறை பூட் ஆவதற்கு ஒரு வரி யாரையும் மூழ்கடிக்காது. வேகத்தைக் குறைத்தது யார் என்று தயவுசெய்து சொல்ல வையுங்கள்.

இப்படிக்கு,
பிழை அறிக்கை எழுதியே சலித்த பயனர்கள்