குண்டாசாங்கிலேயே தங்குவோம்

அன்புள்ள சரசு,

உன் குரல்செய்தி கேட்டேன். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நாம் இருவரும் வேறு கதைக்குப் போய்விடுவோம், அதனால் எழுதுகிறேன். பேரன் நடக்கிறானாமே, சந்தோஷம். இங்கே கோலாலம்பூர் செந்தூலில் தினமும் சாயங்காலம் மழை. என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

சரி, சபாவின் கினபாலு மலைக்குப் போகும் விஷயம். கோத்தா கினபாலுவில் ஹோட்டல் போட்டுவிட்டு ஒரே நாளில் வேனில் மலையடிவாரம் போய்த் திரும்பலாம் என்கிறாய். எனக்கு அதில் சம்மதமில்லை. பள்ளி ஆசிரியர்களோடு போனபோது அப்படித்தான் போனோம். ஏறக்குறைய 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேர வளைவுப் பாதை. போய்ச் சேரும்போது பத்தரை மணி, மலை மொத்தமும் மேகத்துக்குள். 4,095 மீட்டர் மலையின் அடியில் நின்றுகொண்டு சந்தையில் பூசணிக்காய் பார்த்துவிட்டு வந்தோம். அந்த மலை பெரும்பாலும் காலையில்தான் முகம் காட்டும். அங்கே ஆறு மணிக்கெல்லாம் விடிந்துவிடும், நம்மைவிட ஒரு மணி நேரம் முந்தி. அதனால் மலையடிவாரத்து ஊரான குண்டாசாங்கிலேயே அறை எடுப்போம். ஒரு நாள் மூடிக்கொண்டாலும் அடுத்த நாள் இருக்கிறதல்லவா? மாலை ஆறரைக்கு இருட்டிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அண்ணன் இரவுச் சந்தை தேடுவார்.

அண்ணனுக்கு உச்சிக்கு ஏற வேண்டுமென்றால் தாராளமாக ஏறட்டும். ஆனால் அனுமதிச்சீட்டு, வழிகாட்டி, மேலே பானாலாபானில் ஓரிரவு தங்க இடம், எல்லாவற்றையும் பல மாதம் முன்பே பதிய வேண்டும். அங்கிருந்து உச்சிக்கு அதிகாலை இரண்டு மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்க வேண்டும். நம் இரண்டு பேருக்கும் பூங்கா தலைமையகத்தின் தாவரத் தோட்டம் போதும். நீ இத்தனை வருஷம் உயிரியல் பாடம் நடத்தியவள், பார்க்காமல் இருக்கலாமா? குண்டூசித் தலை அளவு ஆர்க்கிட் பூக்களை லென்ஸ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த மலையின் பெரிய குடுவைத் தாவரம் ஒன்றில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். மர மூஞ்சூறு அதன் மூடியில் சுரக்கும் இனிப்பை நக்கிக்கொண்டே உள்ளே எச்சமிட்டுவிட்டுப் போகும், செடிக்கு அதுவே உரம். இதை வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள்!

மாட்டுப் பண்ணைக்கு எல்லோரும் போகிறார்கள். எனக்கு அவ்வளவு ஆசையில்லை, நேரமிருந்தால் பார்ப்போம். போரிங் வெந்நீர் ஊற்று என் முழங்காலுக்காக.

ஆனால் குண்டாசாங் போர் நினைவகத்தை விடக்கூடாது. 1945-இல் ஜப்பானியர்கள் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளை சண்டாக்கானிலிருந்து ரானாவ் வரை காட்டு வழியே நடத்திக்கொண்டு போனார்கள். நடக்க வைக்கப்பட்டவர்களும் சண்டாக்கான் முகாமிலேயே விடப்பட்டவர்களுமாகச் சுமார் 2,400 பேரில் பிழைத்தது ஆறே பேர், அதுவும் தப்பி ஓடியதால். இறந்தவர்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. அதைப் படித்தபோது அதே போரில் ஜப்பானியர்களுக்காக சயாம்-பர்மா ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத உன் தாத்தா ஞாபகம்தான் எனக்கு. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போனவர்களின் பெயரை எந்தச் சுவரில் போய்த் தேடுவது? உன்னோடு அங்கே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் சரசு.

தைப்பூசம் முடியட்டும், மார்ச்சில் போவோம். மழை குறைவு. பள்ளி விடுமுறை வாரம் மட்டும் வேண்டாம், அறை வாடகை ஏறிவிடும். முதல் நாளே இங்கே வந்து என் வீட்டில் தங்கிவிடு, காலையில் பசியாறிவிட்டுச் சேர்ந்தே பறப்போம். பாஸ்போர்ட் தேவையில்லை, ஆனால் ஐசியை, அதான் அடையாள அட்டையை, மறக்காதே. சபாவில் நமக்கும் குடிநுழைவு முகப்பு உண்டு, அங்கே சீட்டு கொடுத்தால் திரும்பும்வரை பத்திரமாக வைத்துக்கொள். இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும், பினாங்கு கொடிமலைக் குளிர் என்று நினைத்து மெல்லிய சால்வையோடு வந்துவிடாதே. புது ஸ்வெட்டர் வாங்க வேண்டாம், என் மகளுடையது ஒன்று சும்மாதான் கிடக்கிறது. இட்லிப் பொடியும் உன் எலுமிச்சை ஊறுகாயும் உன் பொறுப்பு.

அண்ணன் ஏறுகிறாரா இல்லையா என்று இந்த வாரத்துக்குள் கேட்டுச் சொல். அதைப் பொறுத்துத்தான் எத்தனை நாளுக்குக் கார் எடுப்பது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
லெட்சுமி