இரண்டாம் பருவ நிறைவும் வாசிப்புத் தாள்களும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டு விழா திட்டமிட்டபடி நடந்தது. மழை மட்டும் திட்டத்தில் இல்லை. அறிவியல் கண்காட்சியில் எல்லா வகுப்புகளும் பங்கேற்றன. பேச்சு, ஓவியப் போட்டிகளிலிருந்து நம் மாணவர்கள் பரிசுகளுடன் திரும்பினார்கள். தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. கணக்கில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும் என்று ஒவ்வொரு பருவமும் எழுதுவதை இப்போதும் எழுதிவிடுகிறேன். உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் நன்றி.

இனி, ஆறாம், ஏழாம் வகுப்புப் பெற்றோரிடம் சற்று விரிவாகப் பேச வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. மற்ற வகுப்புகளின் பெற்றோரும் படிக்கலாம். உங்கள் முறையும் வரும்.

இந்தப் பருவத்தின் நூலக நேரத்துக்கு விலங்குகளின் சாகச நாவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஓடை ஏன் வற்றிப்போனது என்று கண்டுபிடிக்க செதில் போர்த்திய ஓர் அழுங்கும், ஒரு கீரியும், ஒரு முயலும், கூட்டத்தைத் தவறவிட்ட யானைக்குட்டியும் மலையேறுகிற கதை. வழிகாட்ட ஓர் ஆந்தை, வழிகெடுக்க ஒரு நரி. எல்லாம் பேசும், சண்டை போடும், ஒன்றிரண்டுக்கு மந்திரமும் தெரியும். படித்து முடித்த ஒவ்வொரு குழந்தைக்கும் நூலகர் ஒரு தாள் கொடுத்தார். அதில் ஒரே கேள்விதான்: ‘இந்தக் கதையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?’ மதிப்பெண் இல்லை, பரிசு இல்லை, வரி அளவும் இல்லை. வீட்டில் நிதானமாக எழுதிக் கொண்டுவரட்டும் என்று ஒரு வாரம் தந்தோம்.

வந்த தாள்களை நானும் தமிழாசிரியையும் நூலகரும் உட்கார்ந்து படித்தோம். முதலில் மகிழ்ச்சியானதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “எல்லா விலங்கும் பேசுகிறது. எறும்பு மட்டும் ஏன் பேசவில்லை? எறும்பும் பேசினால் அழுங்கு எதைச் சாப்பிடும்?” இதைப் படித்துவிட்டு நாங்கள் மூவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அழுங்குக்குப் பல்லே கிடையாது. நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் நக்கி எடுத்து விழுங்கித்தான் அது உயிர் வாழ்கிறது. அந்த எறும்புக்கு நாவலாசிரியர் ஒரு வரி வசனம் கொடுத்திருந்தால் நாம் நேசிக்கிற கதாநாயகன் அந்த நொடியே கொலைகாரனாகிவிடுவான். பேசும் விலங்குகளை வைத்துக் கதை எழுதுகிற எவருக்கும் யார் பேசலாம், யார் இரையாகலாம் என்று ஓரிடத்தில் கோடு போட்டே ஆக வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் அந்தக் கோட்டைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறோம். அந்தக் குழந்தை அதன் மேலேயே நின்றுகொண்டு கேள்வி கேட்கிறாள்.

இன்னொரு மாணவன் யானைக் கூட்டத்தின் மீது வழக்குத் தொடுத்திருக்கிறான். நாவலில் கூட்டத்தை நடத்திச் செல்வது தந்தம் பெருத்த ஆண் யானை. “இது தப்பு. வயதான பெண் யானைதான் தலைவி. ஆண் யானை பெரிதானதும் தனியாகப் போய்விடும்” என்று எழுதி, ‘தலைவி’ என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறான். அவன் சொல்வது சரி. மந்திரம் தெரிந்த கீரியை ஏற்றுக்கொள்கிறவன் தவறான யானையை ஏற்றுக்கொள்ள மறுக்கிறான் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கற்பனை எங்கே முடிகிறது, கவனக்குறைவு எங்கே தொடங்குகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் 50 பக்கம் நகரவே இல்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வரைபடம் மட்டும் நன்றாக இருக்கிறது என்று ஒருவன் முடித்துக்கொண்டான். முயல் அதிகம் புலம்புகிறது என்று ஒரு கட்சி, முயல் இல்லாவிட்டால் கதையே இல்லை என்று எதிர்க்கட்சி. பதினேழாம் அத்தியாயத்தில் அழுங்கு இறந்துபோவதைப் பற்றி எழுதாத குழந்தை குறைவு. “அதற்குப் பிறகு மூன்று நாள் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு கீரி என்ன செய்தது என்று தெரிய வேண்டியிருந்தது” என்பது ஒரு தாளில் இருந்த மொத்த எழுத்து. இதைவிடச் சுருக்கமாக ஒரு நாவலைப் பாராட்ட எனக்குத் தெரியாது.

இப்போது மற்றத் தாள்களுக்கு வருகிறேன்.

“இந்நாவல் விலங்குகளின் வாயிலாக ஒற்றுமை, விடாமுயற்சி, சுற்றுச்சூழல் விழிப்புணர்வு முதலிய உயரிய விழுமியங்களை எடுத்தியம்புகிறது.” அழகான வாக்கியம். பதினொரு வயதுக் குழந்தை இதை எழுதினால் நாங்கள் கொண்டாடியிருப்போம். ஆனால் சொல் மாறாமல், எடுத்தியம்பியது இயம்பியபடியே, வெவ்வேறு கையெழுத்துகளில் பல தாள்களில் வந்திருக்கிறது. சில தாள்களில் சிங்கத்தின் தியாகத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். நாவலில் சிங்கமே கிடையாது. கைப்பேசியைக் கேட்டால் அது ஏதாவதொரு விலங்கின் தியாகத்தைச் சொல்லத்தான் செய்யும். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

என்னை உண்மையில் வருத்தியது வேறொரு தாள். மேலே நீல மையில், தேர்ந்த, பழகிய கையெழுத்தில் நான்கு வரிகள்: இக்கதை மிகவும் பிடித்திருந்தது, நல்ல கருத்துகளைக் கற்றுக்கொண்டேன், இப்படியாக. அதன் அடியில், அழிப்பானால் தேய்த்தும் முழுக்கப் போகாத பென்சில் எழுத்து. வெளிச்சத்தில் பிடித்தபோது படிக்க முடிந்தது: “எனக்குப் பிடிக்கவில்லை. நரி எப்போதும் கெட்டவனாகவே ஏன் வருகிறான்? அவனுக்கும் தண்ணீர் தாகம்தானே.” அழுத்தித் தேய்த்ததில் தாள் ஓரிடத்தில் கிழிந்தும் இருந்தது.

இது எந்த வீட்டுத் தாள் என்று யாரும் தேட வேண்டாம். நானும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அன்பினால் செய்ததுதான், ஐயமில்லை. பிள்ளை எழுதியதில் பிழை இருக்கிறது, பள்ளிக்குப் போகிற தாள், ஆசிரியர் என்ன நினைப்பாரோ, புத்தகம் பிடிக்கவில்லை என்று எழுதினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்றெல்லாம் ஒரு பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பு. இரவு ஒன்பதரை மணிக்கு, மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய தாளைப் பையிலிருந்து குழந்தை எடுத்து நீட்டும்போது வீட்டில் நடப்பது என்னவென்று எனக்கும் தெரியும். ஆனாலும் அழிக்கப்பட்ட அந்த மூன்று வாக்கியங்கள்தாம் நாங்கள் கேட்டவை. மேலே இருந்த நான்கு வரிகளை நாங்கள் கேட்கவில்லை.

குழந்தையின் கருத்துக்கு அப்படி என்ன மதிப்பு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1936இல் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், தம்மிடம் வந்த சாகசக் கற்பனை நாவல் ஒன்றின் கையெழுத்துப் படியைத் தம் பத்து வயது மகன் ரேய்னரிடம் கொடுத்து அறிக்கை எழுதச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். பையன் எழுத்துப் பிழைகளோடு ஒரு பத்தி எழுதிக் கொடுத்தான்: கதை நன்றாக இருக்கிறது, வரைபடங்கள் இருந்தால் படங்கள் தேவையில்லை, ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை உள்ள குழந்தைகளுக்குப் பிடிக்கும். பத்து வயதுக்காரனின் பெருந்தன்மையைக் கவனியுங்கள். தன்னைவிடச் சிறியவர்களுக்கென்று அதை ஒதுக்கிவிட்டான். அந்தப் புத்தகம் 1937இல் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் புகழ்பெற்ற ‘தி ஹாபிட்’ என்று வெளிவந்தது. ரேய்னர் எழுதிய பத்தி இன்றைக்கும் அதே பிழைகளோடுதான் மேற்கோள் காட்டப்படுகிறது. ‘உயரிய விழுமியங்களை எடுத்தியம்புகிறது’ என்று தந்தையார் உட்கார்ந்து திருத்தி எழுதியிருந்தால் அந்த அறிக்கையால் யாருக்கு என்ன பயன்?

அழுங்கின் மரணம் குறித்து எனக்கு நேரடியாகக் கடிதம் எழுதிய பெற்றோருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட துயரத்தைக் குழந்தைகளுக்குத் தரலாமா, அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லக் கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். அக்கறையோடு கேட்ட கேள்வி. அதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பஞ்சதந்திரத்தை எண்ணிப் பாருங்கள். முதல் தந்திரத்தில் சஞ்சீவகன் என்ற எருதை, அதன் உயிர்நண்பனான பிங்களகன் என்ற சிங்கமே கொன்றுவிடுகிறது. மூட்டிவிட்ட தமனகன் என்ற நரிக்குத் தண்டனை இல்லை, மந்திரியாக நீடிக்கிறது. இந்தக் கதை ‘கலீலா வ திம்னா’ என்று அரபிக்குப் போனபோது அந்த முடிவைப் பெரியவர்களால் தாங்க முடியவில்லை போலும். எட்டாம் நூற்றாண்டில் அதை மொழிபெயர்த்த இப்னுல் முகஃப்பா, குற்றவாளியை விசாரித்துத் தண்டிக்கிற ஓர் அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்தார் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆக, கதையின் முடிவைப் பிள்ளைகளின் நலனுக்காகத் திருத்த விரும்பும் மனம் உங்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல. ஆனால் எருது மட்டும் அந்தப் பதிப்பிலும் உயிர் பிழைக்கவில்லை.

அழுத குழந்தைகள் இருந்தார்கள், உண்மைதான். அவர்களோடு நூலகர் உட்கார்ந்து பேசினார். அத்தியாயத்தை நீக்க வேண்டும் என்று எந்தக் குழந்தையும் கேட்கவில்லை. நாவலாசிரியர் அழுங்கைக் கொன்றிருக்கத் தேவையில்லை என்று காரணத்தோடு வாதிட்டவர்கள் உண்டு. அது வேறு, அதுதான் வாசிப்பு. இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு ஒரு குழந்தை கலங்கியிருந்தால் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அந்தக் குழந்தைக்கு வேறு புத்தகம் தருவோம். எல்லோருக்குமாக ஒரு அத்தியாயத்தைக் கிழிக்க மாட்டோம்.

இனி நேரடியாகச் சொல்கிறேன். பெற்றோரோ, அண்ணன் அக்காவோ, தனிப்பயிற்சி ஆசிரியரோ, கைப்பேசியோ எழுதிய தாளை அடுத்த பருவம் முதல் பள்ளி ஏற்காது. காரணம் கேட்டு வீட்டுக்குக் குறிப்பு வராது. வெற்றுத் தாள் ஒன்று திரும்ப வரும், அவ்வளவுதான். வாசிப்புத் தாளை இனி நூலக நேரத்திலேயே, பென்சிலால் குழந்தைகள் எழுதுவார்கள். எழுத்துப் பிழைக்காக எந்த ஆசிரியரும் சிவப்பு மையைத் திறக்க மாட்டார். ‘பிடிக்கவில்லை’ என்று எழுதிய குழந்தையிடம், ஏன் பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் கேட்க மாட்டோம். பெற்றோர் கைப்பேசிக் குழுவில் மாதிரி விடைகளைப் பகிர்வது இத்துடன் நிற்க வேண்டும். இந்தக் கேள்விக்கு மாதிரி விடை என்று ஒன்று இருக்கவே முடியாது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடுமையாகப் பேசிவிட்டதாகத் தோன்றினால், உங்கள் மீதுள்ள நம்பிக்கையால் பேசினேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் ஒரு பக்கத் தாளுக்காக இவ்வளவு மெனக்கெடுகிற பெற்றோர் எல்லாப் பள்ளிக்கும் வாய்ப்பதில்லை. அந்த மெனக்கெடலை வேறு வழியில் திருப்பிவிடும்படிதான் கேட்கிறேன். அவர்கள் படிக்கிற நாவலை நீங்களும் படியுங்கள். சாப்பிடும்போது நரியின் பக்கம் பேசிப் பாருங்கள். பிள்ளை உங்களை எதிர்த்து வாதிடட்டும். உங்கள் கருத்தை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றினால், தனித் தாளில் உங்கள் பெயரிட்டு எழுதி அனுப்புங்கள். பெற்றோர் கருத்துக்கென்று நூலக வாசலில் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். குழந்தைகள் அவற்றைப் படித்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது.

தாளைத் தொடாமல், பிழையும் கோபமுமாக அப்படியே பள்ளிக்கு அனுப்பிவைத்த பெற்றோருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எறும்பைப் பற்றிய கேள்வி எங்களுக்குக் கிடைத்தது அப்படி ஒரு வீட்டிலிருந்துதான். பழைய புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்தவர்களுக்கும், கிழிந்த பிரதிகளுக்கு அட்டை போட்டுத் தந்தவர்களுக்கும், நூலக நேரத்தில் வந்து உரக்க வாசித்துக் காட்டிய தாத்தா பாட்டிமார்களுக்கும் பள்ளியின் சார்பில் நன்றி. விடுமுறை இனிதாகக் கழியட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: நாவலின் சில பிரதிகள் இன்னும் நூலகத்துக்குத் திரும்பவில்லை. விசாரித்ததில், குழந்தைகள் எப்போதோ முடித்துவிட்டார்கள், புத்தகம் அப்பாவிடமோ அம்மாவிடமோ இருக்கிறது என்று தெரிகிறது. முடித்துவிட்டே கொடுங்கள். பள்ளி திறக்கும் நாளன்று வந்து சேர்ந்தால் போதும்.