மல்லிகாவுக்கு, பேப் பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. குடல் முறுக்குக்குச் செய்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, புண் ஆறிவருகிறது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில், "வயிற்றில் இந்தப் பையை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் எப்படி வந்து நிற்பேன், பேத்தி காதுகுத்துக்கு என்னை எதிர்பார்க்காதே" என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். இரண்டு நாளாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்புறம்தான் பேப் ஞாபகம் வந்தது.

பேப் ஸஹாரியாஸ். கோல்ஃப் ஆடியவள். உன்னைப் போல ஈட்டியும் எறிந்தவள். மரியாதைக்கு 'அவர்' என்று எழுத வேண்டும், எனக்கு 'அவள்' என்றுதான் வருகிறது.

1911இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தாள். அப்பா நார்வேயிலிருந்து வந்த தச்சர், வீட்டில் ஏழு பிள்ளைகள். அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு செடி வேலி. கடைக்கு அனுப்பினால் அந்த வேலிகளை வரிசையாகத் தாண்டிக்கொண்டே ஓடுவாளாம். ஒரு வீட்டு வேலி மட்டும் கொஞ்சம் உயரம். அந்த வீட்டுக்காரரிடமே போய், மற்ற வேலிகளின் அளவுக்கு வெட்டிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், அவரும் வெட்டிக் கொடுத்திருக்கிறார். வேலி அகலமாக இருந்ததால் இடது முழங்காலை மடக்கித் தாண்டப் பழகினேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். நம் காலேஜ் மைதானத்தில் பெஞ்சுகளைப் போட்டுத் தாண்டுவாயே, அதேதான்.

1932இல் இல்லினாய் மாநிலத்தில் தேசியப் போட்டி. அவளை அனுப்பியது அவள் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் கம்பெனி. அணி என்று பெயர், ஆள் இவள் ஒருத்திதான். ஒரே பிற்பகலில் எட்டுப் போட்டிகளில் இறங்கி 30 புள்ளிகள் எடுத்தாள். இரண்டாவதாக வந்த அணியில் 22 பெண்கள், அவர்களுக்கு 22 புள்ளி. அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ். ஒரு பெண் மூன்று போட்டிகளுக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி. மூன்றிலும் பதக்கம் வாங்கினாள்: ஈட்டியிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம், உயரம் தாண்டுதலில் வெள்ளி.

இவ்வளவு சாதித்தவளைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரர் எழுதியதைக் கேள். வீட்டில் அலங்காரம் செய்துகொண்டு டெலிபோன் மணி அடிக்கக் காத்திருந்தால் நன்றாக இருக்குமாம். அதைப் படித்து எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அவள் அடுத்துப் பிடித்தது கோல்ஃப். அந்த விளையாட்டில் குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் சேர்ப்பவர்தான் ஜெயிப்பார். கை கிழிந்து ரத்தம் வந்தால் டேப் சுற்றிக்கொண்டு, நாள் முழுக்கப் பந்து பந்தாக அடித்துப் பழகினாள். 1935இல் டெக்சாஸ் மாநில அமெச்சூர் பட்டத்தை, அதாவது காசு வாங்காமல் ஆடுகிறவர்களுக்கான பட்டத்தை, வென்றதும், மற்ற விளையாட்டுகளில் காசு வாங்கியவள் என்று சொல்லி அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்தத் தகுதி 1943இல்தான் திரும்பக் கிடைத்தது. 1947இல் ஸ்காட்லாந்து போய் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் எடுத்தாள். அதற்கு முன் எந்த அமெரிக்கப் பெண்ணும் அதை வென்றதில்லை. 1950இல் பெண்களுக்கென்று தொழில்முறை கோல்ஃப் சங்கம் தொடங்கிய 13 பேரில் இவளும் ஒருத்தி.

இனிமேல்தான் உனக்காக எழுதுவது. உனக்கு வந்தது குடல் முறுக்கு, அவளுக்கு வந்தது குடல் புற்றுநோய். 1953 ஏப்ரலில் போமான்ட் ஊரில் ஆபரேஷன் செய்து, உனக்குச் செய்தது போலவே மலம் வெளியேற வயிற்றில் வழி வைத்துப் பை பொருத்தினார்கள். இனிமேல் போட்டிகளில் ஆட முடியாது என்றார்கள். அவள் கோல்ஃப் மட்டைகளை ஆஸ்பத்திரி அறைக்கே கொண்டுவரச் சொல்லி, கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக்கொண்டாள். நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்ததை டாக்டர்கள் கணவரிடமும், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தோழி பெட்டி டாடிடமும் சொன்னார்கள். அவளிடம் மட்டும் இரண்டு பேரும் மறைத்துவிட்டார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தானே? எங்கள் அம்மாவிடம் நாங்கள் மறைத்தோம். அது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

மூன்றரை மாதத்தில் ஆட வந்துவிட்டாள். மறு வருஷம் 1954 ஜூலையில், மாசசூசெட்ஸில் அமெரிக்க மகளிர் ஓபன் கோல்ஃப் போட்டி. கடைசி நாள் ஒரே நாளில் 36 குழிகள், வெயிலில் மைல் கணக்கில் நடை. உடைக்குள் அந்தப் பையோடு நடந்து, இரண்டாவது வந்தவளைவிடப் பந்தை 12 தடவை குறைவாக அடித்து ஜெயித்தாள். ஏதோ தப்பிப் பிழைத்த வெற்றி இல்லை மல்லிகா, அவள் கிட்டத்தில்கூட யாரும் இல்லை.

அதைவிட எனக்குப் பெரிசாகப் படுவது வேறு. புற்றுநோய் என்ற வார்த்தையையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலம் அது. தனக்கு என்ன வந்தது, என்ன ஆபரேஷன் நடந்தது என்று அவள் ஊரறியச் சொன்னாள். புற்றுநோய்ப் பிரசாரத்துக்காக வெள்ளை மாளிகைக்கும் போய்வந்தாள்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் பாதிக் கதை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நோய் திரும்பி வந்தது. 1955 கிறிஸ்துமஸ் சமயத்தில் டெக்சாஸில் சிநேகிதர்கள் வீட்டில் இருந்தாள். ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். காரில் கூட்டிப் போனார்கள். படுக்கை உடையோடு மெல்ல நடந்துபோய், புல்லில் முழங்காலிட்டு, உள்ளங்கையை விரித்துப் புல்லின்மேல் வைத்தாளாம். 1956 செப்டம்பரில் போய்விட்டாள், வயசு 45.

காதுகுத்து பதினாலாம் தேதி. முதல் நாளே கார் அனுப்புகிறேன். குளியலறையோடு இருக்கிற கீழ் அறை உனக்கு, சாவி உன்னிடமே இருக்கும். பையை எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், என்னென்ன வேண்டும், எதைச் சாப்பிடலாம், எது ஆகாது என்று எல்லாவற்றையும் விவரமாக எழுது. வாங்கி வைத்துவிடுகிறேன்.

உன்
வசந்தா