முதலில் கோர்ட்டைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு வக்கீலைத் தேடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மாவட்டப் பக்கத்தில் கைதுச் செய்தி இல்லாத நாளே இல்லை. 'கைது செய்து சிறையில் அடைத்தனர்' என்ற வரியோடு செய்தி முடிந்துவிடும். அந்த வீட்டாருக்கு அலைச்சல் தொடங்குவதோ அந்த வரியில்தான். யாரோ சொன்னார்கள் என்று சென்னையில் ஒரு பெரிய வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். இல்லையென்றால் செல்போனில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பணம் அனுப்புகிறார்கள். அதற்குள் இங்கே ரிமாண்டு (மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்திக் காவலில் வைக்க உத்தரவு வாங்குவது) முடிந்து, ஆளைக் கிளைச் சிறைக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும் முன் மூன்று விவரம் கையில் வேண்டும்: எந்தக் காவல் நிலையம், குற்ற எண் என்ன, என்னென்ன பிரிவுகள். கைது செய்ததையும் ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் உறவினருக்கோ நண்பருக்கோ போலீசார் சொல்லியாக வேண்டும். இந்த மூன்று விவரமும் இருக்கும் எப்.ஐ.ஆரை, அதாவது முதல் தகவல் அறிக்கையை, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். போக்சோ, பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் அதில் இருக்காது. அவற்றுக்குக் கோர்ட்டில் நகல் மனு போட வேண்டும்.

இந்த மூன்றும் தெரிந்தால் எந்தக் கோர்ட் என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு காவல் நிலையமும் ஏதாவது ஒரு ஜே.எம். (ஜுடிசியல் மாஜிஸ்திரேட்) கோர்ட்டின் எல்லைக்குள் வரும். அடிதடி, திருட்டு, மோசடி என்றால் ஜாமீன் மனு அங்கேயே தொடங்கும். கொலை வழக்கில் ரிமாண்டு மட்டும்தான் ஜே.எம். முன்பு, ஜாமீனுக்குப் பெரும்பாலும் மாவட்ட அமர்வு நீதிமன்றம் போக வேண்டும். போக்சோவுக்குத் தனிக் கோர்ட். கஞ்சா வழக்கில் எடைதான் எல்லாம்: 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. வணிக அளவு என்று எழுதிவிட்டால் ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஜே.எம். கோர்ட்டில் நன்றாக வாதாடுகிறவர் கஞ்சா வழக்கை ஒரு தடவைகூட நடத்தாதவராக இருக்கலாம். கேட்டுவிடுவது நல்லது.

கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்த வேண்டும். உள்ளூர் வக்கீலின் அருமை தெரிவது இந்த இடத்தில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைது என்றால் ரிமாண்டு மாஜிஸ்திரேட்டின் வீட்டில் நடக்கும். அவர் விடுப்பில் இருந்தால் பக்கத்து ஊர் மாஜிஸ்திரேட் பொறுப்பில் இருப்பார். எந்த ஊர், எத்தனை மணிக்கு என்பது அந்தக் கோர்ட் வராந்தாவிலேயே கிடக்கிறவருக்குத்தான் தெரியும். ரிமாண்டு சமயத்திலேயே அவர், வழக்கை நடத்த அதிகாரம் தரும் வக்காலத்தில் கைதானவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார். தவறவிட்டால் வக்காலத்து சிறைக்குப் போய், சிறை அதிகாரி மேலொப்பம் போட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு மூன்று நாள் அதிலேயே போய்விடும்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா, காயம் இருக்கிறதா, ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனைப் பிரிவு என்றால் முதலில் 35(3) நோட்டீஸ் (விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ்) கொடுத்தார்களா என்பதையெல்லாம் ரிமாண்டிலேயே சொன்னால்தான் பதிவாகும். பழைய ஆட்கள் இதை '41-ஏ நோட்டீஸ்' என்பார்கள்; 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்து எண் மாறிவிட்டது. இந்த நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால் பயந்து ஊரைவிட்டுப் போவதுதான் பெரிய தப்பு. சொன்ன தேதியில் ஆஜரானால் பொதுவாகக் கைது செய்யக் கூடாது. கைது செய்தே ஆக வேண்டுமென்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஆஜராகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். இன்னொன்று: விசாரணையில் போலீசார் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வெற்றுத் தாளில் போடவே கூடாது.

வக்கீலிடம் என்ன கேட்பது? இந்தக் கோர்ட்டுக்கு வாரத்தில் எத்தனை நாள் வருகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். அடுத்து, சொல்லும் பீஸ் ஜாமீனுக்கு மட்டுமா, வழக்கு முடியும் வரைக்குமா? பெரும்பாலான சண்டை இதைப் பேசாமல் விடுவதால்தான் வருகிறது. ஜாமீன், குற்றப்பத்திரிகைக்குப் பிறகான விசாரணை, உயர் நீதிமன்ற மனு மூன்றும் தனித்தனி வேலை. மூன்றையும் தனித்தனியாகப் பேசி, கொடுக்கும்போதெல்லாம் ரசீது வாங்குங்கள். வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

'விடுதலை வாங்கித் தந்தால் இவ்வளவு' என்று முடிவை வைத்து பீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தப்பு. தன் கட்சிக்காரருக்குத் தானே ஜாமீன்தாரராக நிற்பதும் தப்பு. விளம்பரம் செய்வதும் தப்பு. இணையத்தில் நட்சத்திரம் போட்டு வக்கீல்களைப் பட்டியலிடும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. 'ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்' என்று யாராவது சொன்னால் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டேஷனிலேயே கைகாட்டிவிடும் வக்கீலையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். நாலு பேர் மீது வழக்கு என்றால் நாலு பேருக்கும் ஒரே வக்கீல் என்பது செலவுக்குச் சிக்கனம்தான். ஆனால் முதல் எதிரியை (கோர்ட் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்) காப்பாற்ற இரண்டாம் எதிரி மேல் பழி போட வேண்டிய நிலை வந்தால் அவரால் வாயே திறக்க முடியாது.

ஜாமீன் கிடைத்த பிறகும் ஆள் உள்ளேயே இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஜாமீன்தாரர்தான். 'இரு நபர் ஜாமீன், ஒருவர் ரத்த உறவு' என்று உத்தரவு வரும். ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, புகைப்படம், சில கோர்ட்டுகளில் சொத்து மதிப்புச் சான்று என எல்லாவற்றையும் மனு நிலுவையில் இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டும். உத்தரவில் அப்பா பெயரோ குற்ற எண்ணோ ஓர் எழுத்து மாறினாலும் சிறையில் நிறுத்திவிடுவார்கள். நகலைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று வரி வரியாகப் படியுங்கள். கோர்ட் வாசலில் வாடகைக்கு ஜாமீன்தாரர் பிடித்தால் போலி ஆவணத்துக்கென்று இன்னொரு வழக்கு சேரும்.

60 நாள் (பெரிய குற்றமென்றால் 90 நாள்) ஆகியும் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகிறது. கணக்கு முதல் ரிமாண்டு நாளிலிருந்து. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 61-ஆம் நாள் காலையில் மனு போடத் தவறி, மத்தியானம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போச்சு. இதற்குக் காலண்டரைப் பார்க்கிற வக்கீல் போதும், மேதை வேண்டாம்.

பிறகு விசாரணை. வாய்தாவுக்கு வர முடியாவிட்டால் வக்கீல் அன்றே மனு போட வேண்டும். பழக்கத்தில் இன்னும் '317 மனு' என்றே சொல்கிறார்கள், புது எண் 355. போடாவிட்டால் பிடிவாரண்டு. சாட்சி கூண்டில் ஏறிய அன்றே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். வக்கீல் வரவில்லையென்றால் 'குறுக்கு விசாரணை இல்லை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்தச் சாட்சியைத் திரும்ப அழைக்கத் தனி மனு, தனிச் செலவு, அதுவும் கோர்ட் மனசு வைத்தால். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்குக்கென்று தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். வக்கீல் சொல்லும் தேதியோடு அதைச் சரிபார்ப்பது சந்தேகமாகாது.

வக்கீலை மாற்ற வேண்டுமென்றால் பழைய வக்கீலிடம் வக்காலத்தில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்குவது வழக்கம். பீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைத் தர மறுக்க அவருக்கு உரிமை இல்லை. 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது, 2024 மே மாதத் தீர்ப்போடு அந்தக் கதவு மூடிவிட்டது. தொழில் ஒழுங்கு மீறலுக்குப் பார் கவுன்சிலில்தான் புகார்.

பணமே இல்லாதவர்கள்? காவலில் இருக்கிற எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பழங்குடியினருக்கும் அப்படித்தான். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். மாவட்டத் தலைநகரங்களில் இப்போது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் முழுநேர சட்ட உதவி வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்கள் தனி வழக்கு எடுக்கக் கூடாது என்பதால் வேறு கோர்ட்டுக்கு ஓட வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை. 'இலவசம் என்றால் ஏனோதானோ' என்ற பேச்சைக் கேட்டு, நகையை அடகு வைத்துத் தனி வக்கீல் பிடிக்கும் குடும்பங்கள் முதலில் அங்கே ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலாம்.

தேசிய சட்ட உதவி எண் 15100. கைதுச் செய்திகளுக்குக் கீழே அந்த எண்ணை ஒரு வரியாகப் போட உங்கள் நாளிதழில் இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
திண்டிவனம்.