கைடு இருந்த இடத்தில் ஏஐ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரையும் கடிதமும் எழுத ஏஐயைப் பயன்படுத்தலாமா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் நடக்கும் விவாதத்தைத் தொடர்ந்து படிக்கிறேன். தடை போடு என்கிறார்கள் சிலர், காலத்தோடு ஒத்துப்போ என்கிறார்கள் சிலர். அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறவள் நான். ஏஐ வருவதற்கு முன்பு எங்கள் வகுப்புகளில் எழுத்துப் பயிற்சி எந்த லட்சணத்தில் இருந்தது என்று யாருமே கேட்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பாராகிராஃப் கேள்விக்கான விடை கைடில் இருக்கும். அதைப் போர்டில் எழுதிப்போடுவோம், பிள்ளைகள் நோட்டில் இறக்குவார்கள், மறுநாள் ஒப்பிப்பார்கள். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு அதையே நாலு வரியாகச் சுருக்கி ‘மினிமம் மெட்டீரியல்’. கடிதம் என்றால் ஃப்ரம், டு, தேதி, இடம் சரியாகப் போட்டாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. (பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதும் எங்கள் பாடத்தில் உண்டு. பிள்ளைகள் எழுதுவது எந்த ஆசிரியருக்கும் போய்ச் சேராது, அவ்வளவுதான் வித்தியாசம்.) இப்படிப் பழக்கிவிட்டு, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் ‘பிள்ளைகள் சொந்தமாக யோசிப்பதில்லை’ என்று புலம்புவதில் என்ன நியாயம்? கைடு இருந்த இடத்தில் ஏஐ வந்து உட்கார்ந்திருக்கிறது. தனியாகக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், அப்பாவின் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தாலே மெட்டா ஏஐ நிற்கிறது.

ஒன்பதாம் வகுப்பில், தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். ஒரு பெண் வகுப்பிலேயே எழுதியது: ‘லைட் நாட் பர்னிங் சார். மை சிஸ்டர் கமிங் ஃப்ரம் டியூஷன் வெரி ஃபியர்.’ அதையே வீட்டில் ஏஐயிடம் கொடுத்து வாங்கி வந்த கடிதத்தில் இலக்கணம் சுத்தம். ‘ஐ வுட் லைக் டு டிரா யுவர் கைண்ட் அட்டென்ஷன்’ என்று கம்பீரமான தொடக்கம். ஆனால் டியூஷன் விட்டு இருட்டில் பயந்து வரும் தங்கையைக் காணோம். வாசி என்றேன், மூன்றாவது வரியில் திக்கி நின்றுவிட்டாள்.

அதற்காகத் தடை போட்டால் சரியாகிவிடுமா? நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியை முடக்கிப் பார்த்தன, மே மாதமே பின்வாங்கின. ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பலாம் என்றால் அதுவும் ஆபத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவி துல்லியமாக இல்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை ஏஐ எழுதியவை என்றன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை. எளிய சொற்களில் பார்த்துப் பார்த்து எழுதும் நம் பிள்ளைகள் இதில் எந்தப் பக்கம் மாட்டுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இந்த மென்பொருளைக் காட்டி ஒரு பிள்ளைக்குத் திருட்டுப் பட்டம் கட்டும் வேலை எந்தப் பள்ளியிலும் நடக்கக் கூடாது.

துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. பாடம் கணக்குதான், ஆனால் நமக்கும் பொருந்தும். ஏஐயை இஷ்டம்போல் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, ஏஐயையே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த ஏஐயில் படித்தவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

நான் செய்வது இதுதான். முதல் பிரதியை வகுப்பிலேயே, ஒரு பீரியடுக்குள், கையால் எழுத வேண்டும். அப்புறம் யாராவது ஒருவரின் கடிதத்தை, அவர் சம்மதத்தோடு, பெயரை எடுத்துவிட்டு, ஸ்மார்ட் போர்டில் போட்டு, ‘தவறுகளைக் குறித்துக் காட்டு, திருத்தி எழுதாதே’ என்று ஏஐயிடம் கேட்பேன். சில நேரம் சொன்னதைக் கேட்காமல் முழுதாகத் திருத்தியே தந்துவிடும். அப்போதுதான் வகுப்பு களைகட்டும். தெருவிளக்குக் கடிதத்தில் ‘அடிக்கடி விபத்து நடக்கிறது’ என்று தானாக ஒரு வரி சேர்த்திருந்தது. “யாரும் விழவே இல்லையே மிஸ், இது ஏன் புளுகுது?” என்றான் ஒருவன். அந்த வரியை அடித்தார்கள். ‘ஃபியர்’ என்பதை ‘அஃப்ரெய்டு’ என்று திருத்தியதை ஏற்றுக்கொண்டார்கள். தங்கை தப்பித்தாள்.

சின்ன வகுப்புகளுக்கு இது வேண்டாம். பள்ளிகளில் பிள்ளைகள் ஏஐயை நேரடியாகப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆகட்டும் என்று யுனெஸ்கோ 2023இலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஆசிரியருக்கு இது நல்ல உதவி. ஒரே பாடத்தை மூன்று நிலைகளில் எளிமையாக்கித் தரச் சொல்லலாம், நாற்பது நோட்டில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளுக்குப் பயிற்சித் தாள் தயாரிக்கலாம். எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றும் வேலை போக மிஞ்சும் நேரத்தில் அதெல்லாம் கையால் நடக்கிற காரியமா?

பள்ளிக் கல்வித் துறையிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. ஏஐ பயிற்சி என்று எங்களைக் கூப்பிட்டு, ஆப்பை டவுன்லோடு செய்யக் கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டாம். ஒரு மாணவரின் உண்மையான நோட்டை முன்னால் வைத்து, எதை இயந்திரத்திடம் விடலாம், எதை விடக் கூடாது என்று பேசுங்கள். இன்னொன்று, பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே போகிறது. அதில் ஒரு பத்தையாவது, ஆண்டு முழுக்க வகுப்பில் கையால் எழுதித் திருத்திய பிரதிகளுக்கு ஒதுக்குங்கள். மதிப்பெண் இருந்தால்தான் பெற்றோரும் தலைமை ஆசிரியரும் அந்த ஒரு பீரியடை எங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.