டாலர் இறங்கும்போது சில்லுப் பங்குகள் ஏன் சரிகின்றன: பர்சா மலேசியாவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பர்சா மலேசியா பங்குச் சந்தையின் ஒழுங்குமுறைப் பிரிவினருக்கு,

வணக்கம். பினாங்கின் பாயான் லெப்பாசில் கணினிச் சில்லுகளை (chip) சோதிக்கும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தெரிந்த தொழிலாயிற்றே என்று சேமிப்பில் ஒரு பகுதியைப் பினாங்கின் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் பங்குகளில் போட்டிருக்கிறேன். 2024-இன் மூன்றாம் காலாண்டில் அப்பங்கு சரிந்தபோதும் தொழிற்சாலைப் பேருந்துகள் வழக்கம்போல் எல்லா ஷிஃப்டுக்கும் ஆட்களை ஏற்றி வந்துகொண்டுதான் இருந்தன.

மாறியது நாணயம். பிப்ரவரியில் ஏறத்தாழ 4.80 ரிங்கிட்டாக இருந்த டாலர், செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு இறங்கியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விற்பனை 1 கோடி டாலர், டாலரில் வாங்கும் மூலப்பொருள் 50 லட்சம் டாலர், சம்பளம், மின்சாரம் போன்ற உள்ளூர்ச் செலவு 1.5 கோடி ரிங்கிட் என்று கொண்டால், டாலர் 4.70-இல் இருக்கையில் இலாபம் 85 லட்சம் ரிங்கிட், 4.15-இல் அது 57.5 லட்சம். டாலர் 12 விழுக்காடு இறங்க, இலாபமோ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரைகிறது. 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை டாலர் 3.80-இல் கட்டப்பட்டிருந்த காலத்தில் வேலை பார்த்த எங்களுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை.

இதன்மேல் முதலீட்டாளர் மனநிலை வந்து சேர்கிறது. தொழில்நுட்பப் பங்கின் விலையில் பெரும்பகுதி இனி வரப்போகும் இலாபத்தை நம்பிக் கொடுப்பது என்பதால், நம்பிக்கை தளர்ந்தால் இலாபத்தின் 30 மடங்கு கொடுத்தவர்கள் 20 மடங்குக்கு மேல் தர மறுக்கிறார்கள். இலாபமும் மடங்கும் சேர்ந்து குறைந்தால், மேலே கணக்குப் போட்ட நிறுவனத்தின் மதிப்பு 25.5 கோடி ரிங்கிட்டிலிருந்து 11.5 கோடியாகிவிடும். 2025 ஜனவரி 27-இல் குறைந்த செலவில் உருவானதாகச் சொல்லப்பட்ட டீப்சீக் என்ற சீனச் செயற்கை நுண்ணறிவுச் செயலி பற்றிய செய்தியால், அமெரிக்கச் சில்லு நிறுவனமான என்விடியாவின் பங்கு ஒரே நாளில் 17 விழுக்காடு வீழ்ந்தபோது, தரவு மையத் தொழிலோடு தொடர்புடைய மலேசியப் பங்குகளும் ஆட்டம் கண்டதை நாம் பார்த்தோம்.

மனநிலையை உங்களால் ஒழுங்குபடுத்த முடியாது. அதை நான் கேட்கவும் இல்லை. ஆனால் நாணயப் பகுதியைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம். ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் மாற்று விகிதத்துக்கான அட்டவணை ஒன்று வருகிறது. ஆனால் கையிலுள்ள டாலர் வைப்பு, வரவேண்டிய தொகை போன்றவற்றை மட்டுமே அது அளக்கிறது, அடுத்த காலாண்டின் விற்பனையை அல்ல. என்னைப் போன்ற சிறு முதலீட்டாளர் அந்த எண்ணை முழு ஆபத்தென்று எண்ணி ஏமாறுகிறார்.

எனவே, ஏற்றுமதித் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டு அறிக்கையின் முதற்பக்கத்திலேயே, விற்பனையிலும் செலவிலும் டாலரின் விழுக்காடு எவ்வளவு, அதில் முன்பேர ஒப்பந்தங்களால் (பின்னர் மாற்றப்போகும் டாலருக்கு இன்றே விகிதத்தை உறுதிசெய்துகொள்பவை) காக்கப்பட்டது எவ்வளவு, அக்காலாண்டு இலாபத்தில் நாணய மறுமதிப்பீட்டால் (கையிலுள்ள டாலர் தொகைகளைப் புதிய விகிதத்தில் ரிங்கிட்டாகக் கணக்கிடுவதால்) மட்டும் வந்ததோ போனதோ எவ்வளவு என்பதைத் தெரிவிக்க வேண்டும் என விதி வகுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
பாயான் லெப்பாசிலிருந்து ஒரு சிறு பங்குதாரர்