எங்கே போட்டாலும் போகிறேன்

சேலம், அஸ்தம்பட்டி
ஜனவரி 11

அன்புள்ள வாணி,

வெளிநாடுகளில் இருக்கிற அமெரிக்க ராணுவப் பள்ளிகளில் டீச்சர் வேலைக்கு மனுப் போடப் போகிறேன் என்று நீ போனில் சொன்ன நாளிலிருந்து உன் அப்பா பீரோவைக் குடைந்துகொண்டிருக்கிறார். உன் மார்க்‌ஷீட், டிகிரி, பி.எட். சான்றிதழ், பத்தாம் வகுப்பில் வாங்கிய டி.சி. எல்லாம் கட்டில் மேல் பரப்பிக் கிடக்கின்றன. பொங்கலுக்கு வீட்டை ஒழிக்க வேண்டும், அந்தக் கட்டில் பக்கம் மட்டும் யாரும் போகக் கூடாதாம். போனில் எல்லாவற்றையும் பேச முடியவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது சில விஷயம் வாயில் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவின் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. "மிலிட்டரி ஸ்கூல்" என்றதும் அவருக்கு அமராவதி நகர் சைனிக் பள்ளிதான் கண்ணுக்குத் தெரிந்தது. உன் பெரியப்பா மகன் நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வந்தானே, அந்தப் பள்ளி. "காலையில் டிரில்லுக்கு இவளும் ஓட வேண்டுமா?" என்று கேட்டார். அப்படியில்லை, சிப்பாய்களின் பிள்ளைகள் படிக்கிற சாதாரணப் பள்ளிதான், வாத்தியார்களும் சிவில் ஆட்கள்தான் என்று நீ சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தங்கிவிட்டதால், குடும்பங்கள் பின்னாலேயே போக, 1946-இல் ஆரம்பித்த பள்ளிகள் என்றும் சொன்னேன். "சரி, துப்பாக்கி இல்லை, சாக்பீஸ்தான்" என்று அப்பா ஒரு வழியாகச் சமாதானமானார்.

அடுத்த தெரு சரோஜா அக்காவுக்கும் விஷயம் எட்டிவிட்டது. அவள் பெண்ணும் பி.எட். முடித்திருக்கிறாள், அவளுக்கும் அதே இடத்தில் கேட்க முடியுமா என்று வந்துவிட்டாள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் அந்த வேலைக்கு மனுப் போடவே முடியாது என்று சொல்லி அனுப்பினேன். யாராவது ஏஜென்ட் "வெளிநாட்டு ராணுவப் பள்ளியில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டால் ஒரு ரூபாய் கொடுக்காதே என்றும் சொன்னேன். அரசாங்க வேலைக்கு மனுப் போட எந்த அமெரிக்க அலுவலகமும் காசு கேட்பதில்லை. வெளிநாட்டில் பாடம் நடத்தத்தான் ஆசை என்றால் நம் கேந்திரிய வித்யாலயாவே காத்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் மூன்று ஊரிலும் இருக்கிறது, முதலில் இங்கே உள்ளே நுழையட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். மாஸ்கோ குளிர் என்றதும் அக்கா முகம் மாறிவிட்டது.

இந்தக் குடியுரிமை விஷயம் எனக்கே விசித்திரமாக இருக்கிறது. நீ அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, நம் நாட்டு நீல பாஸ்போர்ட்டை ஒப்படைத்த அன்று நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே. இன்றைக்கு அந்தக் குடியுரிமையை வைத்துத்தான் உனக்கு ஒரு வாசல் திறக்கிறது. நான் என்ன சொல்ல!

இப்போது சான்றிதழ் சமாசாரம். பேப்பரில் நீ ஒருத்தி இல்லை, மூன்று பேர். டிகிரியில் "ரா. கலைவாணி". பழைய பாஸ்போர்ட்டில் "கலைவாணி ராமசாமி". டெக்சஸ் கொடுத்த ஆசிரியர் உரிமத்தில் "கலைவாணி முருகேசன்". இங்கே இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? திருமணப் பதிவுச் சான்றை எல்லாவற்றுக்கும் மேலே வை, இந்த மூன்று பேரையும் ஒட்டுகிற பசை அதுதான். இங்கே வாங்கிய டிகிரியை அமெரிக்கப் படிப்புக்குச் சமம் என்று ஒரு மதிப்பீட்டு நிறுவனம் எழுதித் தர வேண்டுமே, அந்தத் தாளிலும் எந்தப் பெயர் வருகிறது என்று பார்த்துக்கொள். டிரான்ஸ்கிரிப்டுக்காக அப்பா இரண்டு தடவை அலைந்தார். முதல் தடவை கவுண்டரில் இருந்தவர் கவரை ஒட்டாமல் அப்படியே கையில் கொடுத்துவிட்டார். சீல் வைத்துக் கொடுங்கள் என்றதற்கு, "உங்க பொண்ணு மார்க்கு உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று கேட்டாராம். இரண்டாவது தடவை அரக்கு வைத்து வாங்கி வந்துவிட்டார். அந்தக் கவரை நீ பிரித்துவிடாதே. பிரித்தால் அப்பா மூன்றாவது தடவை போவார், அவர் முட்டி தாங்காது.

வேலையைப் பற்றி நீ சொன்னதில் சம்பளம் எனக்குப் புரிந்தது. அதற்கென்று 1959-இல் சட்டமே போட்டு, பெரிய நகரங்களில் வாத்தியார்களுக்கு என்ன கொடுக்கிறார்களோ அதை ஒட்டிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து எடுத்துக் கூட்டிப் போனால் வீட்டு வாடகைப் படி உண்டு, சாமான் ஏற்றும் செலவும் அவர்களுடையது. அங்கேயே குடியிருக்கிற சிப்பாயின் மனைவியை உள்ளூரில் எடுத்தால் வாடகைப் படி கிடையாது. ஆனால் அந்த மனைவிகளுக்கு முன்னுரிமை இருப்பதால், காலி இடம் என்று போட்டிருப்பது எல்லாமே உனக்குக் காலி என்று நினைத்துவிடாதே. கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி, இதற்கெல்லாம் ஆள் கிடைப்பது கஷ்டம் என்று நீயே சொன்னாய். கணக்கு டீச்சரின் மகள் கணக்கு டீச்சர் ஆனது வீண் போகவில்லை.

படி என்றதும் எனக்கு மலைப்படி ஞாபகம் வந்தது. மலைப் பள்ளியில் வேலை பார்த்ததற்கு எனக்கும் கொடுத்தார்கள். சம்பளச் சீட்டில் அதற்கென்று ஒரு வரி, அப்புறம் குளிர்காலப் படி என்று இன்னொரு வரி. அந்த இரண்டு வரியும் சேர்ந்து வாங்கியது ஒரு கம்பளி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

மனுவில் எங்கே வேண்டுமானாலும் போகச் சம்மதமா என்று கேட்கிறார்களே, அந்த இடத்தில் நீ என்ன போடப் போகிறாய்? 11 வெளிநாடு, அமெரிக்காவுக்குள் இருப்பதையும் சேர்த்து 160 சொச்சம் பள்ளி என்றாய். அதில் ஜப்பானில் ஒகினாவாவும் இருக்கும், இத்தாலியில் சிசிலியும் இருக்கும், கியூபாவில் குவாண்டனாமோவும் இருக்கும். ஜப்பான் கிடைத்தால் சேலத்துக்குப் பக்கம் என்று நீ சொன்னாய் பார், அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று ஜப்பானை மனசில் வைத்து "எங்கும் சம்மதம்" என்று போடாதே. அதே தப்பை நான் செய்தவள்.

1990-இல் எனக்கு முப்பத்து மூன்று வயது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு அத்தனை வருஷம் காத்திருந்தேன். நேர்காணலில் அந்த அதிகாரி, "மலையில் போட்டால் போவீங்களாம்மா?" என்று கேட்டார். "எங்கே போட்டாலும் போறேன் சார்" என்றேன். சொல்லும்போது மனசில் இருந்தது சேலத்து அம்மாப்பேட்டையும் கொண்டலாம்பட்டியும்தான். ஆர்டரில் வந்தது நாகலூரைத் தாண்டி ஒரு பள்ளி. ஏற்காடு வரைக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு, அங்கிருந்து வேறு பஸ், அதற்கப்புறம் நடை. தினம் போய் வர முடியாது. உன்னை அம்மாயி வீட்டில் விட்டேன். உனக்கு ஐந்து வயது.

ஒரு சனிக்கிழமை நான் ஆரஞ்சுப் பையோடு வாசலில் நிற்கிறேன். நீ அம்மாயியின் தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றும் தார்க் குழாய்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அம்மாயி, டீச்சர் வந்துட்டாங்க" என்றாய். தெருவில் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுச் சொன்னதுதான், வேறு அர்த்தம் கிடையாது. அம்மாயிகூடச் சிரித்தாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

மூன்று வருஷம் அங்கே இருந்தேன். வேலையைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன், நல்ல வேலை. ஆனால் பிள்ளைகள் நிலைக்க மாட்டார்கள். கார்த்திகை, மார்கழி வந்தால் காப்பிப் பழம் பறிக்க எஸ்டேட்டுக்கு ஆட்கள் வருவார்கள், கூடவே பிள்ளைகளும் வரும். தை முடிந்தால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களை மட்டும் பென்சிலால் எழுதுவேன், தலைமை ஆசிரியர் பார்த்தால் திட்டுவார். ஒரு பெண், பெயர் வேண்டாம், எங்கேயோ இரண்டு பள்ளியில் பின்னத்தை இரண்டு தடவை படித்துவிட்டு வந்திருந்தாள். அரையும் காலும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். நீள் வகுத்தல் தெரியாது, அது நடந்த சமயத்தில் அவள் எந்தப் பள்ளியிலும் இல்லை. 144-ஐ 6-ஆல் வகு என்றால் ஸ்லேட்டில் நூற்று நாற்பத்து நான்கு கோடு போட ஆரம்பிப்பாள். பழம் பறித்த கை, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கோடு எண்பதைத் தாண்டும்போது மணி அடித்துவிடும். வகுத்தலை அவளுக்குப் பிடிபட வைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பிடிபட்ட அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை.

சிப்பாய்களின் பிள்ளைகளும் அப்படித்தானே? பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஆறேழு ஊர் மாறுகிறார்கள் என்றாய். ஒகினாவாவில் பாதி படித்தவன் ஜெர்மனியில் ராம்ஸ்டைனில் வந்து உட்கார்ந்தாலும் பாடம் தொடர வேண்டும் என்று எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் வைத்திருப்பது புத்திசாலித்தனம். மலையில் எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்தப் பெண் வகுத்தலைத் தவற விட்டிருக்க மாட்டாள். ஆனால் பாடம்தான் தொடரும், வாத்தியாரும் சிநேகிதனும் மாறிக்கொண்டே இருப்பார்கள். மார்ச்சில் வருவான், அடுத்த மார்ச்சில் போய்விடுவான். அவன் அப்பா வேறு எங்கேயோ கப்பலில் இருப்பார். நேர்காணலில் உன்னிடம் இதைக் கேட்பார்களோ இல்லையோ, கேட்டால் சொல்ல உனக்கு ஒரு பதில் இருக்கட்டும். வகுப்பில் அமெரிக்கக் கொடி இருக்கிறதே தவிர, அது எஸ்டேட் பள்ளிதான்.

இன்னொன்று. அந்த வேலை ராணுவ முகாமை நம்பி இருக்கிறது. நான் மலையில் இருந்தபோது, 1991-இல், பிலிப்பைன்ஸில் பினடூபோ எரிமலை வெடித்தது. சாம்பல் மூடிய கிளார்க் விமானத் தளத்தைக் காலி செய்துவிட்டார்கள், அங்கிருந்த பள்ளிகளும் அத்தோடு போயின. 2016-இல் துருக்கியில் இன்சர்லிக் தளத்திலிருந்து குடும்பங்களைப் பாதுகாப்புக்காகத் திருப்பி அனுப்பியபோது அங்கே படித்த பிள்ளைகளும் போய்விட்டார்கள். நீ பயப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. வீடு வாங்குகிற இடம் இல்லை என்பதை மாப்பிள்ளை புரிந்துகொள்ளட்டும். அதோடு, போன பிறகு ஒரு கல்வியாண்டாவது இருக்க வேண்டும், நடுவில் கிளம்பினால் அவர்கள் செலவழித்த பயணப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்றும் சொன்னாய். அந்தத் தொகையை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

மாப்பிள்ளை டெக்சஸிலேயே இருக்கட்டும், நீ மட்டும் முதல் வருஷம் போய்ப் பார்க்கிறாய் என்று பேச்சு வந்ததே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். நீ கேட்கவும் மாட்டாய், தெரியும். என்னிடம் அனுமதி கேட்கிற வயசா உனக்கு? இருந்தாலும் சொல்கிறேன். போனால் பேரனையும் சேர்த்து மூன்று பேரும் போங்கள். அவர் வேலையை அங்கிருந்து செய்ய அனுமதிப்பார்களா, அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் அவர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். அது சரிப்பட்டு வரவில்லை என்றால் மனுவை அடுத்த வருஷம் போடு. பள்ளி எங்கேயும் ஓடிவிடாது. நான் முன்னால் எழுதியதற்கு இது முரண்தான், எரிமலை வந்தால் ஓடிவிடும். ஆனாலும் சொல்கிறேன்.

விரல் ரேகை, பின்னணி விசாரணை எல்லாம் உண்டு என்றாய். இந்தியாவில் யார் யார் சொந்தம் என்று கேட்டால் எங்கள் பெயரை மறைக்காமல் எழுது. அப்பாவின் பெயரில் "ச" என்ற இனிஷியலுக்குச் சடையப்பன் என்று விரித்து எழுத வேண்டும். பழைய ரேஷன் கார்டில் "சடயப்பன்" என்று இருக்கிறது, அதைப் பார்த்து எழுதிவிடாதே.

தட்டுவடை செட்டுக்கு வேண்டிய தட்டைகள் இரண்டு பாக்கெட்டும், ஏற்காட்டுக் காப்பித்தூள் அரைக் கிலோவும் எடுத்து வைத்திருக்கிறேன். மாசி மாதம் மாப்பிள்ளையின் தம்பி வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கூரியரில் அனுப்ப அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் செய்து அனுப்புவாராம், ஒரிஜினல் வேண்டும் என்றால் நீயே வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம். உன்னை வரவழைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

பேரன் புகழிடம் கேட்டாயா? நாம் பேசும்போது அவன் பக்கத்து அறையில் இருப்பான், எல்லாம் காதில் விழுந்திருக்கும். பதினோரு வயசுப் பையன், அந்த ஃபுட்பால் டீமில் இந்த வருஷம்தான் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீ அறையை விட்டு வெளியே போய்விட்டுப் போனை அவனிடம் கொடு. நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா